துருவும் திருவருளும்

வெல்லவாயவில் கடல்மட்டத்துக்குச் சுமார் 200 மீற்றர் உயரத்தில் புறப்படும் ஒரு பழைய டீசல் வேன், கொஸ்லந்தையையும் பெரகலையையும் கடந்து அப்புத்தளையைத் தொடும்போது 1,400 மீற்றர் உயரத்தைத் தாண்டியிருக்கும். இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டரின் ஊடாகக் காற்றை இழுத்துத் தருவது எஞ்சினுக்கு முன்னால் சுழலும் விசிறி ஒன்றுதான். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம்தான் எஞ்சின் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் தடுக்கிறது. ஆகவே பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு விசிறி என்பது பூட்டிவிட்டு மறந்துபோகிற உறுப்பல்ல. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாடே பழைய வண்டிகளைத் தட்டிக்கொட்டி ஓட்டியது. கராஜுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வீட்டு வாசலிலேயே பொனட்டைத் திறந்தவர்கள் பலர். அப்படித் திறந்தவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் சுவர்களில் ஒன்று, கழல மறுக்கும் விசிறி. இறுகிக் கிடக்கும் ஒன்றின் முன்னால் மனிதன் செய்ய வேண்டியது என்ன? பலத்தைக் காட்டுவதா, பொறுத்திருப்பதா, கும்பிடுவதா? கராஜில் எழும் இந்தக் கேள்வியை வேறொரு பொருள்மேல் வைத்துச் சைவ சித்தாந்தம் எழுநூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. அது தந்த பதிலை நாம் பாதிதான் கேட்டோம் என்பது என் வாதம்.

முதலில் இரும்பின் பக்கத்தைப் பார்ப்போம். சில எஞ்சின்களில் விசிறியை நான்கு சிறிய நட்டுகள் தாங்கும். வேறு சிலவற்றில், உதாரணமாக லேண்ட் ரோவரின் 300 டிடிஐ எஞ்சினில், தண்ணீர்ப் பம்பின் தண்டிலேயே ஒற்றைப் பெரிய நட்டால் விசிறி திருகப்பட்டிருக்கும். இந்த இரண்டாவது வகையில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்டு சுழலும்போது காற்றின் எதிர்ப்பால் விசிறி சற்றுப் பின்தங்கப் பார்க்கும். வழக்கமான மரை வெட்டியிருந்தால் அந்தப் பின்தங்கலே நட்டை மெல்ல மெல்லக் கழற்றிவிடும். அதனால் மரையை இடப்பக்கமாக வெட்டுகிறார்கள். இனி வண்டி ஓடும் ஒவ்வொரு மைலும் நட்டை இன்னும் இறுக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால், நம் கை பழகியிருக்கும் திசைக்கு நேர் எதிராக, விசிறி சுழலும் பக்கமாகவே திருப்ப வேண்டும். பெல்ட்டின் முதுகுப்புறம் பம்பை ஓட்டும் எஞ்சின்களில் பம்பு மறுபக்கம் சுழலும் என்பதால் மரையும் மாறிவிடும். இதைத் தெரியாதவர் எவ்வளவு பலசாலியோ அவ்வளவுக்கு நட்டு இறுகும். இரண்டாவது காரணம் துரு. இரும்பு துருவாகும்போது, தான் முன்பு இருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கிறது. மரையின் இடுக்கில் அந்த இடம் இல்லை. அதனால் அது இருபுறமும் நெருக்கிப் பிடிக்கிறது. மூன்றாவது காரணம் பலருக்குக் கடைசியில்தான் உறைக்கும்: நட்டைத் திருப்பும்போது பம்பின் கப்பியும் கூடவே சுற்றும். பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் திருப்பும் கைக்கு வேலையில்லை.

இந்த மூன்றிலும் நட்டுக்கு நம்மேல் பகை எதுவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது பிடிவாதம் பிடிக்கவில்லை. அதைப் பிடித்திருக்கும் காரணங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அரை மணி நேரம் ஸ்பானரோடு மல்லுக்கட்டிய மனிதனின் வாயிலிருந்து வரும் சொற்கள் இரண்டே வகை. ஒன்று வசவு. மற்றது, ‘நேரம் சரியில்லை’, ‘விதி’. பார்க்க எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறக்கின்றன. வசைபாடுபவர் நட்டுக்குள் ஓர் எதிரியை வைக்கிறார். விதி என்பவர் நட்டுக்கு அப்பால் ஓர் எதிரியை வைக்கிறார். மரையை யாரும் பார்க்கவில்லை. வள்ளுவர் ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் எழுதினார். அதே கையால் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று உரைகாரர்கள் திணறியதுண்டு. மருந்து அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தத் திணறல் குறையும் என்று நினைக்கிறேன். நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்து பிறகு தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறது அது. ஊழ் என்ற சொல்லுக்கு உரிமை, அந்தத் தேடல் முடிந்த பிறகுதான் வருகிறது.

இனிச் சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதமும் அதன் வழிநூல்களும் உயிரைப் பிணித்திருக்கும் மலங்கள் மூன்று என்கின்றன: ஆணவம், கன்மம், மாயை. ஆணவத்துக்குச் சொல்லப்படும் புகழ்பெற்ற உவமை செம்பில் களிம்பு. புளி போட்டுத் துலக்கிய செம்பு மறுநாள் மறுபடி மங்குகிறது. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு தொன்றுதொட்டு இருப்பது என்பது அங்கே கருத்து. நட்டின் துரு அப்படிப்பட்டதல்ல. நேற்று இல்லாமல் இன்று வந்தது அது. ஆகவே துருவை ஆணவத்தோடு பொருத்தினால் உவமை முறிந்துவிடும். பொருந்தும் இடம் கன்மம். பிராரத்தத்தை, அதாவது இப்போது பயன்தரும் பழவினையை, அனுபவிக்கும் செயலிலேயே புதிய வினையான ஆகாமியம் சேர்கிறது என்று சித்தாந்தம் சொல்கிறது. வாழ்வதே கட்டை இறுக்குகிறது. இடப்பக்க மரையில் பூட்டிய விசிறியின் நிலை இதுதான்: அது தன் வேலையைச் செய்யச் செய்ய இறுகுகிறது, குற்றம் செய்ததால் அல்ல. அறியாமல் போடும் முயற்சி அதை மேலும் இறுக்குகிறது. முயற்சி மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது.

அப்படியானால் கட்டு எப்போது அவிழும்? சித்தாந்தத்தின் பதில் மலபரிபாகம். மலத்தின் பிடி பக்குவப்பட்டுத் தளரும் நிலை வர வேண்டும். அப்போது சத்திநிபாதம், அதாவது திருவருளின் பதிவு, நிகழும். இந்தப் பதிலைத்தான் நாம் பாதி கேட்டோம். பக்குவம் என்றதும் அது தானாக வரும், நாம் இருந்த இடத்தில் இருந்தால் போதும் என்று புரிந்துகொண்டோம். மூலநூல்கள் அப்படிச் சொல்லவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை அவை வைக்கின்றன. கோயில் கூட்டுவதிலிருந்து தொடங்குகிற அந்தப் பட்டியலில் சும்மா இருத்தல் என்று ஒரு படி கிடையாது. துருப்பிடித்த மரைக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு வைப்பதும் இதே இலக்கணத்தைச் சேர்ந்தது. முதலில் கம்பித் தூரிகையால் வெளித்துருவைத் துடைக்க வேண்டும்; இல்லையென்றால் எண்ணெய்க்கு உள்ளே போக வழியிருக்காது. பிறகு துளித்துளியாக விட வேண்டும். நுண்ணிய இடுக்குகளில் திரவம் தானே ஏறிப் பரவும் இயல்பு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த இரவில் மனிதன் தூங்கலாம், வேலை தூங்குவதில்லை. எண்ணெய் விடாமல் பொனட்டை மூடிவிட்டுப் போனவரும் அதே இரவு காத்திருந்தவர்தான். அவருக்குக் காலையில் கிடைப்பது பதுளைப் பனியில் நனைந்த இன்னும் கொஞ்சம் துரு. ஒரே காலம் ஒருவருக்குப் பக்குவத்தையும் மற்றவருக்குக் கேட்டையும் தருகிறது. வேறுபாடு, அதற்கு முன்னால் கை என்ன செய்தது என்பதில் இருக்கிறது.

பலத்துக்கு இதில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அனுபவமுள்ள கராஜ் பாஸ்மார் பெரிய ஸ்பானரை நட்டில் மாட்டி, அதன் கைப்பிடியில் சுத்தியலால் ஒரே ஒரு சுருக்கடி கொடுப்பார்கள். மெதுவாக இழுத்தால் கூடவே சுற்றும் கப்பி, திடீர் அடிக்கு உடனே அசைவதில்லை. அந்த ஒரு கணம் போதும், துருவின் பிடி விடும். சைவத்தில் இதற்குப் பெயர்கூட உண்டு: அறக்கருணைக்குப் பக்கத்தில் மறக்கருணை என்று ஒன்றைச் சொல்வார்கள், தண்டிப்பதுபோல் வந்து விடுவிக்கும் அருள். ஆனால் எண்ணெய் ஊறாத மரையில், திசை தெரியாமல் விழும் அதே அடி பம்பின் தண்டை வளைக்கும், அல்லது ஸ்பானர் வழுக்கி ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைக் கிழிக்கும். இடையில் ஓர் அட்டையைச் செருகி வைக்காத அவசரக்காரர்கள் விசிறியைக் கழற்றப் போய் ரேடியேட்டரையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். கருணையையும் கோபத்தையும் பிரிப்பது அடியின் வேகம் இல்லை, அதற்கு முன் நடந்த ஆயத்தம்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் கேட்பார்: நட்டு சடம், உயிர் சித்து. சடத்திலிருந்து சித்துக்கு வாதம் தாண்டுவது முறையா? மேலும், இந்த உவமையில் மனிதன் யார், ஸ்பானர் பிடித்தவனா, கழற்றப்படும் நட்டா? கேள்வி நியாயமானது. முதற்பாதிக்கு விடை, உவமையைக் காட்சி என்று கொள்ளலாம், சான்று என்று கொள்ளக் கூடாது என்பதே. செம்பும் சடம்தான், அதைக் காட்டி உயிரைப் பேசியவர்களும் இந்த எல்லையை அறிந்தே பேசினார்கள். இரண்டாம் பாதிதான் கடினம். மனிதன் இரண்டுமாக இருக்கிறான் என்பேன். உலகத்தை நோக்கும்போது அவன் கையில் ஸ்பானர். அருளை நோக்கும்போது அவன் கழற்றப்பட வேண்டியவன். கண்ணுக்குப் பார்வை இருந்தும் கதிரவன் ஒளி இல்லாமல் அது காணாது என்று சித்தாந்தம் சொல்வதன் பொருள் அது. இதனால் முயற்சி திருவருளைத் தேவையற்றதாக்கிவிடும் என்ற பயமும் போகும். எண்ணெயை மரைக்குள் இழுத்த இயல்பைக் கம்பித் தூரிகை படைக்கவில்லை. அது வழியைத்தான் திறந்தது.

ரொபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட, ஸென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் பற்றிய நூலில், கழல மறுக்கும் ஒரு திருகாணியை வைத்துச் சில பக்கங்கள் யோசிக்கிறார். முட்டிக்கொண்டு நிற்கும் அந்த நிலையைச் சபிக்காமல், உண்மையான புரிதலுக்கு முந்திய படியாக வரவேற்க வேண்டும் என்பது அவர் முடிவு. அழகான முடிவுதான். ஆனால் விருப்பப்பட்டு நெடும்பயணம் போகிற ஒருவரின் முடிவு அது. மறுநாள் காலை மரக்கறி மூட்டைகளை வெலிமடையிலிருந்து இறக்கினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவருக்கு முட்டிக்கொள்ளல் ஒரு தியானமாக முடியாது. எனக்கு பிர்சிக்கிடம் உள்ள மனக்குறை இவ்வளவே.

அதனால் எழும் அடுத்த ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. பக்குவம், பொறுமை என்ற சொற்களை ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் யார் யாரிடம் சொல்லிவந்தார்கள்? துரை சொன்னார், கங்காணி சொன்னார், கோயில் மேடைகளும் சொல்லின. லயத்தில் ஒழுகும் கூரையும் விதி, கைநாட்டும் விதி, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போனதும் விதி. இப்படிப்பட்ட மண்ணில் பொறுமையைப் போதிப்பது பழைய சங்கிலிக்கு எண்ணெய் விடுவதாகாதா? மீரியபெத்தை இந்த ஆட்சேபத்தின் பக்கம் நிற்கிறது. கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் அதன் பின்னரும் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு நிலம் தரப்படவில்லை. அழுதவர்களுக்கு ஆறுதலாக விதி என்று சொன்னவர்களை மன்னிக்கலாம். பொறுப்பில் இருந்தவர்கள் அதே சொல்லைச் சொல்ல உரிமையற்றவர்கள். மூலம் நாடப்பட்டு, எழுதிக் கையளிக்கப்பட்டு, கிடப்பில் போடப்பட்டிருந்தது. ஒன்பது வருடப் பொறுமையை அங்கே பக்குவம் என்று எவரும் அழைக்க முடியாது. எண்ணெய் விடாமல் மூடிய பொனட்டு அது.

ஆனால் அதே மலையக வரலாற்றில் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை மனிதர்களை எண்ணிக்கையாகப் பங்குபோட்ட பிறகும், ஒரு பெருங்கூட்டம் எந்த நாட்டுக்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. 1986 ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டி, சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தோட்டங்களில் ஒரு பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கியது. வேலைநிறுத்தம் என்று அறிவிக்கவில்லை. காலையில் மலைக்குப் போக வேண்டிய நேரத்தில் தொழிலாளர்கள் கோயிலில் கூடிக் கும்பிட்டார்கள். கொழுந்து செடியிலேயே நின்றது. கும்பிடுகிறவர்களை அடித்து விரட்ட எந்த அரசுக்கும் எளிதில் மனம் வராது; கும்பிடும் ஒவ்வொரு காலையும் தேயிலைக் கணக்கில் தெரியாமலும் போகாது. அரசாங்கம் இறங்கிவந்தது, அந்த வருடமே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. மீதியிருந்த சிக்கலை 1988இன் சட்டமும் 2003இன் சட்டமும் அவிழ்த்தன. தொண்டமானின் அரசியலைப் பற்றி யாருக்கும் என்ன கருத்தும் இருக்கலாம். அமைச்சரவையில் இருந்துகொண்டே இதை நடத்தினார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆயினும் 1986இன் அந்தப் பிரார்த்தனை, பொறுமைக்கும் அடங்கிப்போவதற்கும் உள்ள தூரத்தைக் காட்டுகிறது. பல வருடப் பேச்சுவார்த்தை என்ற எண்ணெய் அதற்கு முன் ஊறியிருந்தது, திசை அறியப்பட்டிருந்தது, அடி சரியான கணத்தில் விழுந்தது. கும்பிட்ட கைதான் அங்கே ஸ்பானரையும் பிடித்திருந்தது.

காரணம் தேடுவதும் சில சமயம் தப்பித்தலாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதுளை நகரின் நடுவிலிருக்கும் முதியங்கனை விகாரையில் வணங்கும் பௌத்தர்களுக்கு அம்புபட்டவனின் கதை தெரியும்: எய்தவன் எந்தக் குலம், வில் எந்த மரம் என்று கேட்டுக்கொண்டிருப்பவன் அம்பைப் பிடுங்குவதற்குள் செத்துப்போவான். நட்டின் முனைகள் தேய்ந்து உருண்டுவிட்டால், துருவின் வரலாற்றை ஆராய்ந்து பயனில்லை; உளியை எடுத்து நட்டைப் பிளப்பதே முறை, விசிறியே உடைந்தாலும் பம்பைக் காப்பாற்றலாம். எந்தக் கேள்வி ஸ்பானரைத் திருப்புகிறதோ அதுவரை கேட்க வேண்டும், அதற்கப்பால் வேண்டாம்.

சித்தாந்தம் மடங்களின் நூல், தோட்டத்து மக்களின் சாமிகள் மாரியம்மனும் முனியாண்டியும் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சாமிகளின் வரிசையில் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு சாமி இருக்கிறார். தேயிலை பெக்டரியின் சக்கரத்துக்கும், அதாவது ரோதைக்கும், ரோதமுனி இருக்கிறார். படித்தவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அவ்வளவு விரைவாகத் தள்ளமாட்டேன். கையை விழுங்கக்கூடிய ஒன்றுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, அது என்னைவிடப் பெரியது என்று ஒப்புக்கொள்ளும் வழிபாடு அது. இன்றைய மின்விசிறி வைத்த கார்களில் சாவியை எடுத்த பிறகும் சூடு ஏறினால் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் வகைகள் உண்டு. பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் விரலை உள்ளே விடுபவருக்கு ரோதமுனியைக் கும்பிட்டவரிடம் இருந்த கவனம்கூட இல்லை. அந்தக் கவனத்தை வளர்க்காமல், சந்தனமும் குங்குமமும் வைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும்போதுதான் பக்தி கெடுகிறது.

ஆகவே தோட்டக் கோயில்களின் பரிபாலன சபையினரிடமும், வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுதபூசைக்கு வண்டிகள் எப்படியும் ஓய்வில் நிற்கும். பூசைக்கு முதல்நாள் எஞ்சின் ஆறிய பிறகு, தோட்டத்து இளைஞர்களைக் கூட்டி, தெரிந்த பாஸ் ஒருவரைக் கொண்டு விசிறியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரை எந்தப் பக்கம் என்று அவர்கள் தங்கள் கையாலேயே திருப்பிப் பார்க்கட்டும். துருவைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, விசிறியைத் திரும்பப் பூட்டட்டும். அதற்குப் பிறகு பொட்டு வையுங்கள்.